மரத்தைக் கட்டிக்கொண்டு நில்

பக்கத்து இடத்துக்காரர்களின் விளக்கைச் சுற்றி ஒரு பூச்சிகூட இல்லை.

மர்லா அதை முதலில் பொறாமையோடுதான் பார்த்தாள். தங்கள் விளக்கின் பாடு அப்படியா இருந்தது? விட்டில்கள் கண்ணாடியில் முட்டி முட்டிக் கீழே விழுந்தன, பழுப்பு வண்டுகள் மேஜைமேல் மல்லாந்து கிடந்து காலை உதைத்தன, பெயர் தெரியாத பச்சைப் பூச்சி ஒன்று கெட்சப் பாட்டிலின் வாயில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஓடைக்கரையில் கூடாரம் போட்டால் வேறென்ன வரும்? ஆனால் நாலு மரம் தள்ளி, அதே இருட்டில், அதே மாதிரிக் கம்பியில் தொங்கிய அவர்களுடைய விளக்கு துடைத்து வைத்தாற்போல எரிந்தது. அதன் வெளிச்சத்தில் அந்த இடத்துக்காரி கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஒரு தடவைகூடக் கையை வீசவில்லை. கழுத்தில் அடித்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம்கூட ஆகவில்லை. ஆனால் விட்மர் ஹாலோ மாநிலப் பூங்காவில் விளக்கேற்றுவதற்குச் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க முடியாது. ஓடையின் இரண்டு கரையிலும் ஹெம்லாக் மரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று மேலே கூரை வேய்ந்துவிட்டன. வெயில் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே கீழே இல்லை. தரை எந்நேரமும் ஈரம். பாசியும் அழுகிய இலையும் முன்னே யாரோ அணைத்துவிட்டுப் போன அடுப்பின் சாம்பலும் சேர்ந்த ஒரு வாடை. எல்லாவற்றுக்கும் மேலே சில்வண்டுகளின் சத்தம், மூச்சு விடாமல், மில் ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது.

“நிழலா ஒரு இடம் பிடின்னு கேட்டியே, போதுமா?” என்றான் அவள் கணவன் வெஸ், கூடாரத்தின் கடைசி முளையைக் கல்லால் அடித்துக்கொண்டே. “இந்த நிழல்ல ரெண்டு நாள் உட்கார்ந்தா என் தலையிலயே காளான் முளைச்சிடும்.”

“உன் தலையில ஏதாவது முளைச்சா சந்தோஷம்தான்,” என்றாள் மர்லா.

வழுக்கையைத் தடவிக்கொண்டு அவன் சிரித்தான். அவர்களுடைய மகள் டெஸ்ஸியும் சிரித்தாள். ஒன்பது வயது. மேஜை விளிம்பில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கொசு கடித்த இடத்திலெல்லாம் ரோஸ் நிற மருந்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஆல்டூனாவிலிருந்து வந்து இறங்கி ஒரு மணி நேரம் இருக்காது, அதற்குள் இரண்டு காலும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஒரே அறையில் பத்துப் பேர் இருந்தாலும் கொசுவுக்கு டெஸ்ஸிதான் வேண்டும். மருந்து அடித்தாலும் சரி, புகை போட்டாலும் சரி, அவளைத் தேடிக்கொண்டு வந்துவிடும்.

“இவ இருக்கற இடம் கண்டுபிடிக்க நமக்கு போனே வேண்டாம்,” என்பான் வெஸ். “கொசு எங்க கூட்டமா நிக்குதோ, அங்க நம்ம பொண்ணு.”

அவள் கழுத்தில் ஒரு இரும்பு விசில் தொங்கியது. வெஸ் பள்ளிக்கூடத்தில் பந்தாட்டம் சொல்லிக் கொடுத்த காலத்தில் ஊதியது. அதை மாட்டிவிட்டவள் மர்லா.

அதற்குக் காரணம் உண்டு. ஐந்து வயதில் டெஸ்ஸி பொருட்காட்சிக் கூட்டத்தில் காணாமல் போனாள். அம்மாவைத் தேடி அவள் நடக்க, அவளைத் தேடி அம்மா நடக்க, ஒருவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வந்து சேர்ந்து, கடைசியில் ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கண்டெடுத்தபோது பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. மர்லாவின் உயிர் அன்றைக்குப் போய்த் திரும்பியது, முழுதாகத் திரும்பியதா என்று அவளுக்கே சந்தேகம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் மீட்புப் படைக்காரர்கள் வந்து ஒரு பாடம் நடத்தினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் நடத்துகிற பாடம்தான். மற்ற தாய்மார்கள் கேட்டுவிட்டு மறந்தார்கள். மர்லா அதைப் பிரார்த்தனை மாதிரி பிடித்துக்கொண்டாள். எந்தக் காட்டுக்குப் போனாலும் இறங்கியவுடன் ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

“தொலைஞ்சு போனா?”

“ஐயோ அம்மா.”

“சொல்லு.”

“ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கணும்.”

“அப்புறம்?”

“விசில் ஊதணும். மூணு தடவை. நிறுத்திட்டு மறுபடி மூணு.”

“அப்புறம்?”

“மரத்தை விடக்கூடாது. எங்கயும் நகரக்கூடாது.”

“யாரு வர்ற வரைக்கும்?”

“நீ வர்ற வரைக்கும்,” என்று டெஸ்ஸி கண்ணை உருட்டினாள்.

“மரமே அலுத்துப் போய் ‘போடி வீட்டுக்கு’ன்னு சொல்லும், அப்பவும் இவ விடமாட்டா,” என்றான் வெஸ். “அப்படிப் பழக்கி வெச்சிருக்க.”

அப்போதுதான் பக்கத்து இடத்துப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரும் அரை டிராயர், வெறுங்கால். கண்ணாமூச்சி ஆட ஆள் குறைகிறது, இவளை அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். ஊரில் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுகிற மர்லா, தலையாட்டினாள். முகாமில் அப்படித்தான். பிள்ளைகள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் ஒட்டிக்கொள்ளும், யார் அடுப்பில் வெந்தாலும் யார் பிள்ளையும் சாப்பிடும், அதைச் சந்தேகப்படுகிறவளை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். போன வருஷம் அப்படி ஒரு பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

“இருட்டறதுக்குள்ள வந்துடணும்.”

“இங்க எப்ப இருட்டா இல்ல?” என்றான் வெஸ்.

டெஸ்ஸி ஓடினாள். அவள் தலைக்குமேலே சின்னப் பூச்சிகள் புகைபோலக் கூடவே போயின. முன்னால் ஓடிய இரண்டு பிள்ளைகளின் கால்களும் வெள்ளை வெளேரென்று, ஒரு தடிப்பு இல்லாமல், ஒரு கீறல் இல்லாமல் இருந்ததை மர்லா கவனித்தாள். நல்ல மருந்து ஏதோ பூசுகிறார்கள் போல, பெயர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

அடுப்பில் ஹாட் டாக் வெடித்துக் கருகத் தொடங்கியது. டெஸ்ஸி வரவில்லை. மர்லா கூப்பிட்டுப் பார்த்தாள். சில்வண்டுச் சத்தம் அவள் குரலை அப்படியே விழுங்கிக்கொண்டது. மரங்களுக்கு நடுவில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் வடிந்து, மின்மினிகள் தரையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தன. அவள் விரல் தானாகக் கல்யாண மோதிரத்தைத் திருகியது. பயம் வந்தால் அது அவளுக்கு வழக்கம். பக்கத்து இடத்துக்குப் போனாள்.

“பசங்க இன்னும் வரலையா?”

“எங்க போயிடப் போறாங்க?” என்றாள் அந்தப் பெண். கோரீன் என்று பெயர் சொன்னாள். “உட்காருங்க. முதல் தடவையா வர்றீங்களா?”

“ஆமா. நீங்க?”

“நாங்க வந்து ரொம்ப நாளாச்சு.”

“உங்களை ஒரு கொசுகூடக் கடிக்கலையே. என்ன மருந்து போடறீங்க?”

கோரீன் தன் கையைத் திருப்பி, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். “ஒண்ணும் போடறதில்லை. அதுங்களுக்கு நாங்க வேண்டாம்.” பிறகு மர்லாவின் முகத்தைப் பார்த்து, ஆறுதலாகத்தான் சொன்னாள்: “முதல் ராத்திரி கஷ்டமா இருக்கும். அப்புறம் தெரியாது.”

மர்லாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பதில் சொல்ல வாயெடுக்கும்போது கோரீனுக்குப் பின்னால், ஓடைப் பக்கத்திலிருந்து டெஸ்ஸி நடந்து வந்தாள்.

ஓடி வரவில்லை. நடந்து வந்தாள்.

மர்லா அவளை வாரி அணைத்துக்கொண்டாள். போன உயிர் வந்தது. திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டே அவள் தலையில் முகம் புதைத்தபோது ஒரு வாடை வந்தது. ஷாம்பூ வாடை இல்லை, வியர்வை இல்லை. ஈர மண்ணில் வெகுநாள் கிடந்த கல்லைப் புரட்டினால் வருமே, அந்த வாடை.

“விசில் எங்கடி?”

“தொலைஞ்சு போச்சு,” என்றாள் டெஸ்ஸி.

சாப்பிடும்போது டெஸ்ஸி அதிகம் பேசவில்லை. கொடுத்ததைத் தின்றாள். மார்ஷ்மெல்லோவை நெருப்பில் காட்டாமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். வெஸ் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்துக் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.

“மர்லா, இங்க வந்து உட்காரு. இவ பக்கத்துல கொசுவே இல்ல. ஒரு வழியா அதுங்களுக்கு இவ அலுத்துட்டா போல.”

மர்லா விளக்கைப் பார்த்தாள். டெஸ்ஸியின் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி சுத்தமாக இருந்தது. மேஜையில் மல்லாந்து கிடந்த வண்டுகள் இல்லை. விட்டில்கள் இல்லை. கெட்சப் பாட்டில் மேல் இருந்த பச்சைப் பூச்சி மேஜையின் மறு ஓரத்துக்குப் போய், விளிம்பில் நின்று, இருட்டில் குதித்தது.

அவள் விரல் மறுபடி மோதிரத்தைத் திருகத் தொடங்கியது.

படுக்கப் போகுமுன் உண்ணி பார்க்க வேண்டும். காட்டுக்குப் போகிற எந்தத் தாயும் அதை விடமாட்டாள். மர்லா கூடாரத்துக்குள் டெஸ்ஸியை உட்கார வைத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, முடியைப் பிரித்துப் பார்த்தாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், அக்குளில். பிறகு காலை எடுத்து மடியில் வைத்தாள்.

ரோஸ் மருந்துப் பொட்டு ஒன்றுகூட இல்லை. சரி, ஓடையில் இறங்கியிருப்பாள், அழிந்திருக்கும். ஆனால் தடிப்புகள் எங்கே? சொறிந்து ரத்தம் காட்டிய இடங்கள் எங்கே? போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் ஆறிக்கொண்டிருந்த காயம்? மர்லா கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஜில்லென்று இருந்தது.

முட்டிக்குப் பின்னால் தொட்டால் டெஸ்ஸி துள்ளுவாள். அங்கே அவளுக்குக் கூச்சம் தாங்காது. மர்லா அங்கே விரலை வைத்தாள். டெஸ்ஸி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க தொட்டா நீ சிரிப்பியே,” என்றாள் மர்லா.

ஒரு கணம். பிறகு டெஸ்ஸி சிரித்தாள். அச்சு அசல் டெஸ்ஸியின் சிரிப்பு. மர்லா விரலை எடுத்த பிறகும் அதே அளவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மர்லாவின் மணிக்கட்டில் ஒரு உண்ணி ஊர்ந்தது. அவள் அசையவில்லை. அது ரத்தம் தேடுகிற ஜீவன், வேறு வேலை அதற்கில்லை. அவள் புறங்கையில் ஏறி, விரல் வழியாக நடந்து, விரல் நுனி பிள்ளையின் காலில் பட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தது. முன்னங்கால்களை நீட்டித் தடவிப் பார்த்தது. நின்றது.

திரும்பிக்கொண்டு மர்லாவின் விரலிலேயே ஏறி வந்தது.

“வெஸ்,” என்றாள் வெளியே வந்து. “அது டெஸ்ஸி இல்ல.”

ஓடையிலிருந்து வாளியில் மொண்டுவந்த தண்ணீரை அடுப்பில் ஊற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். பயப்படவில்லை. கோபப்படவும் இல்லை. களைத்துப்போன முகத்தோடு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“உன் படபடப்பு மாத்திரையை எடுத்துட்டு வந்தியா?”

“அவ முட்டில காயம் இல்ல, வெஸ். பாரு போய்.”

“காயம் ஆறும் மர்லா. அதுக்குப் பேரு நல்ல விஷயம். பிள்ளை அரை மணி நேரம் கண்ணுல படலைன்னா உனக்கு இப்படித்தான் ஆகுது. நாளைக்குக் காலைல பேசலாம். அவ முன்னாடி இதைச் சொல்லாத. பயந்துடுவா.”

அவன் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் அது படுத்திருந்தது. மர்லா ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு, கண்ணை மூடாமல், கூடாரத் துணியில் விட்டில்கள் மோதுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துத் துணியில் மட்டும்தான் மோதின. ரக்கூன் ஒன்று ஐஸ் பெட்டியைப் பிறாண்டிவிட்டு, என்னவோ மோப்பம் பிடித்து, விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. சில்வண்டுகள் ஓயவில்லை. விடியப்போகிற நேரம் வரைக்கும் அந்தப் பேரிரைச்சலைக் கேட்டுக்கொண்டே கிடந்ததில் அது ஒரே இரைச்சல் இல்லை என்று மெல்ல மெல்லப் பிரிந்து தெரிந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒன்று நீளம். தூரத்தில், ஓடைப் பக்கம், மெலிசாக ஒன்று.

மூன்று தடவை.

நின்றது.

மறுபடி மூன்று.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் அந்தச் சத்தம் மறைந்துபோய்விடுமோ என்று நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டாள். மூன்று. நின்றது. மூன்று. நகரக்கூடாது. நீ வர்ற வரைக்கும்.

கூடாரத் துணியில் வெளிச்சம் தெரியத் தொடங்கியதும் வெஸ்ஸின் சிவப்புக் கட்டம்போட்ட சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டு ஜிப்பை இழுத்தாள். பின்னால் மெதுவான குரல் கேட்டது.

“போய்ப் பாரு, அம்மா.”

அது கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. இரவெல்லாம் அப்படித்தான் படுத்திருந்தது என்று மர்லாவுக்குப் புரிந்தது.

வெளியே பனிமூட்டம் ஓடைமேல் படுத்திருந்தது. மரத்தடிகள் கறுப்பாக, நனைந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு மான் அவளைப் பார்த்து நின்றது, ஓடவில்லை. சிலந்தி நூல் முகத்தில் அறுந்தது. சத்தம் இப்போது பக்கத்தில். சில்வண்டைப் போலத்தான் இருந்தது. சில்வண்டுதானோ? வெஸ் சொல்வதுபோல எல்லாம் அவள் மண்டைக்குள்தானோ? அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பைத்தியம் பிடித்திருந்தால் தேவலை.

பிறகு அந்த மரத்தைப் பார்த்தாள்.

பெரிய ஹெம்லாக். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கலாம். அதன் மறுபக்கத்தில் கொசுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. கொசு, சின்ன ஈ, கண்ணில் விழுகிற பொடிப் பூச்சி, எல்லாம் சேர்ந்து ஒரு தூண் போல. தரையிலிருந்து எழும்பி ஒரு உயரத்தோடு நின்றுவிட்டது. மர்லாவின் நெஞ்சு உயரம். அதற்குமேல் ஒன்றுகூட இல்லை.

அந்தத் தூணுக்குள் யாரும் இல்லை. வெறும் காற்று. வெறும் பட்டை.

ஆனால் அது மரத்தைவிட்டு நகரவில்லை.

“டெஸ்ஸி?”

மூன்று. நின்றது. மூன்று.

மர்லா அழுதுகொண்டே கையை உள்ளே விட்டாள். பூச்சிகள் முழங்கை வரைக்கும் அப்பிக்கொண்டன. காற்றைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. வேறு வழி என்ன இருந்தது அவளுக்கு? அவளே சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். மரத்தின் இந்தப் பக்கம் வந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். கன்னத்தைப் பட்டையில் வைத்து, மரத்தைக் கட்டிப் பிடித்தாள்.

இரண்டு சின்னக் கைகள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டன.

சூடாக. வீங்கி. கடித்த தடிப்புகள் விரலுக்கு விரல் தெரிந்தன.

“அம்மா,” என்றாள் மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெஸ்ஸி. தொண்டை கட்டிப்போயிருந்தது. “நான் நகரவே இல்ல.”

“இல்லடி கண்ணு. நீ நகரவே இல்ல. என் தங்கமே. வா, போலாம்.”

“அந்தப் பசங்க என்னைக் கண்டுபிடிக்கவே இல்ல. ராத்திரி அப்பா வாளி எடுத்துட்டு இந்தப் பக்கம் தண்ணி மொள்ள வந்தாரு. நான் கத்தினேன். அவரு பார்க்கல.”

மர்லா நிமிர்ந்தாள். விடிந்த வெளிச்சம் இப்போது வேறு மாதிரி இருந்தது. பனி விலகி, ஓடையின் இரண்டு கரையிலும், கண்ணுக்கெட்டிய வரைக்கும், மரங்களின் அடியில் ஆட்கள் நின்றார்கள். ஆளுக்கொரு மரம். கட்டிப்பிடித்துக்கொண்டு, முகத்தைப் பட்டையில் புதைத்துக்கொண்டு. ஒவ்வொருவர்மேலும் கொசு. அடுத்த மரத்தில் கையில்லாத சட்டை போட்ட ஒரு பெண் நின்றாள். அவளுடைய கைகள் கொசு மொய்த்துக் கறுத்துக் கிடந்தன. அவளுக்குப் பக்கத்து மரங்களில் ஒரு பையன், ஒரு பெண். கோரீன் தலையைத் திருப்பி மர்லாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

சில்வண்டுச் சத்தம் வந்தது.

“மர்லா!” என்று வெஸ் கூப்பிட்டான்.

முகாமுக்கும் ஓடைக்கும் நடுவில் உள்ள பாதையில் வந்துகொண்டிருந்தான். செருப்பு மாறிப் போட்டிருந்தான். பயந்துபோயிருந்தான் அந்த மனுஷன். “மர்லா, எங்க இருக்க?”

“இங்க! வெஸ், இங்க பாரு!”

தன் தொண்டையிலிருந்து என்ன வந்தது என்பதை அவளே கேட்டாள். காடு முழுக்க ஓடிய இரைச்சலோடு இன்னொரு இழை. அவ்வளவுதான்.

அவன் நேராக வந்தான். இரண்டடி தூரத்தில் நின்றான். அவளைத் தாண்டி ஓடையைப் பார்த்தான். ராத்திரி தூங்கிய கன்னத்தில் தலையணை மடிப்பு தெரிந்தது. எட்டினால் தொட்டுவிடலாம். மர்லா வலது கையை எடுத்து, எட்டி, அவன் கழுத்தைத் தொட்டாள்.

அவன் படாரென்று கழுத்தில் அடித்துக்கொண்டான். “சனியன் பிடிச்ச கொசு.”

“அம்மா, எங்க போற? அம்மா, கை எங்க?” டெஸ்ஸியின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோலச் சின்னதாகிக்கொண்டே போனது. மரத்துக்கு அந்தப் பக்கம் பிடியும் நழுவியது. மர்லா அலறிக்கொண்டு கையைத் திரும்பவும் மரத்தில் போட்டாள். துழாவினாள். சின்ன விரல்கள் கிடைத்தன. நல்லவேளை. கிடைத்தன.

“இங்கதான் இருக்கேன், வெஸ்,” என்றாள் ஒரு பெண்.

கழிப்பறைப் பாதையிலிருந்து வந்தாள். சிவப்புக் கட்டம்போட்ட சட்டை. மர்லாவின் நடை, மர்லாவின் கலைந்த தலை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை வந்தது. வெஸ் போய் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டான்.

“உயிரே போச்சு எனக்கு. எங்க போன?”

“சும்மா நடந்தேன். நேத்து நான் உளறினதுக்கு மன்னிச்சிடு. வீட்டுக்குப் போலாமா? எனக்கு இந்த இடம் பிடிக்கல.”

“இப்பவே போலாம்,” என்றான் வெஸ். அவளுடைய இடது கையை எடுத்து முத்தம் கொடுத்தான். அந்தக் கையில் மோதிரம் இல்லை. அவன் பார்க்கவில்லை. மோதிரம் மர்லாவின் விரலில், ஈரப் பட்டையில் அழுந்திக்கொண்டிருந்தது.

அவர்கள் கூடாரத்தைப் பிரிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முளைகளைப் பிடுங்கினான். போர்வைகளை உதறினான். ஐஸ் பெட்டியைப் பின்னால் ஏற்றினான். என்னவோ ஜோக் சொன்னான். அந்தப் பெண் சரியான இடத்தில் சிரித்தாள். மிச்ச விறகைப் பக்கத்து இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான், அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னொரு கோரீன் எழுந்து நன்றி சொன்னாள். பிறகு வண்டி கிளம்பியது. ஓடைப் பாதையில், இந்த மரத்தை ஒட்டித்தான் போனது. கண்ணாடியெல்லாம் இறக்கி விட்டிருந்தார்கள். பின் சீட்டில் அந்தப் பிள்ளை வெளுத்த கையை வெளியே நீட்டிக் காற்றில் அலைய விட்டுக்கொண்டே போனது.

வண்டிச் சத்தம் வளைவில் தேய்ந்தது. கொசுக்கள் இறங்கின. கழுத்தில், காதில், உதட்டில். ஒன்று அவள் கண்ணிமையில் உட்கார்ந்தது. விரட்டுவதற்குக் கை ஒழியவில்லை.

“அப்பா போயிட்டாரா?”

“போயிட்டு வருவாரு.”

“இப்ப விடலாமா அம்மா? கை வலிக்குது.”

“விடாத கண்ணு. கெட்டியா பிடிச்சுக்கோ.”

“யாரு வர்ற வரைக்கும்?”

மர்லா கன்னத்தைப் பட்டையில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“அப்பா வர்ற வரைக்கும்,” என்றாள். “விசிலை ஊது.”